எட்டுக்கு ஐந்து

வெலிமடை லீக்ஸ் முதலாளி சொன்ன விலையில்
ஒன்பதாயிரத்தைக் குறைத்தது
பின்பக்கத் துரு.
துருவுக்கு என் நன்றி.

எட்டடி நீளம். ஐந்தடி அகலம்.
ஒற்றை அச்சு, வழுக்கை விழுந்த இரண்டு டயர்.
ஹப்புத்தளை ஏற்றத்தில் எங்கள் டொல்பின் வேன்
முதல் கியரில் முனகி முனகி இழுக்க,
பள்ளிக்கூடம் போக அடம்பிடிக்கும் பிள்ளையாய்
பின்னால் வந்தது ட்ரெய்லர்.

மூன்று நாள் கழுவினோம்.
வினாகிரி, சுண்ணாம்பு, சவர்க்காரத்தூள்.
லீக்ஸ் மணம் போகவில்லை.
பலகை அடித்தால் போய்விடும் என்றான் அருளாந்து.

வெல்டிங் கடை றிஸ்மி நானா
சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:
"உள்ள ஏத்தப் போறது ஆடா, மாடா?"
"நாங்கதான்" என்றேன்.
கண்ணாடியைக் கழற்றி என்னை ஒருதரம் பார்த்தார்,
மறுபடி மாட்டிக்கொண்டார்,
பொறி பறந்தது.

ஜன்னலுக்கு, உடைத்து விற்ற பஸ் ஒன்றின்
சறுக்குக் கண்ணாடி.
கையை வெளியே நீட்டாதீர் என்று
அதில் மூன்று மொழியில் எழுதியிருக்கிறது.
சுரண்ட மனம் வரவில்லை.

சமையல் பெட்டிக்கு இரண்டடி போக
படுக்கைக்கு மிச்சம் ஆறடி.
அருளாந்து ஆறடி ஓரங்குலம்.
அந்த ஓரங்குலத்தைப் பற்றி
ஒரு கிழமை பேசினோம், இரண்டு நாள் பேசாதிருந்தோம்.
கடைசியில் அடுப்புப் பலகைக்குக் கீழே
சதுரமாய் ஒரு பொந்து வெட்டினேன்.
இரவில் அவன் பாதங்கள்
அரிசி டின்னோடு உறங்கும்.

நான் பிறந்த லயக் காமரா பத்துக்குப் பன்னிரண்டு.
ஏழு பேர்.
சுவரில் ஆணி அடிக்கவும்
தோட்டத்து ஆபீசில் கேட்க வேண்டும்.
இதற்கு ஒரு புத்தகம் உண்டு.
உரிமையாளர் என்ற கட்டத்தில் என் பெயர்,
எமல்டா,
ஓர் எழுத்துப் பிழையோடு.
திருத்தப் போனால் ஒரு நாள் லீவு போகும்.
இருக்கட்டும்.
அந்தப் பிழைக்காரிக்கும் ஒரு வீடு வேண்டும்தானே.

காற்று நுழையும் கூரைகளை எனக்குத் தெரியும்.
ஆகவே இரண்டங்குல ரெஜிஃபோம்,
அதன்மேல் தேயிலைப் பெட்டிப் பலகை,
இண்டு இடுக்கெல்லாம் சிலிக்கன்.
மேலே ஒரு துவாரம் வைப்போம் என்றான் அவன்.
என் காலம் முடிந்த பிறகு வை என்றேன்.

முதல் இரவு ஒஹியப் பக்கம், பைனஸ் ஓரம்.
மூன்று மணிக்கு என் நெற்றியில் ஒரு துளி.
பிறகு கன்னத்தில். பிறகு அவன் காதுக்குள்.
ஒழுகுது என்று எழுந்து
சிலிக்கன் குழாயோடு வெளியே பாய்ந்தான்.
வெளியே
மழையில்லை, முகிலில்லை,
கூரைத் தகடு காய்ந்து கிடந்தது,
தலைக்கு மேல் அத்தனை நட்சத்திரம்.
உள்ளே வந்து பலகையைத் தடவினேன்.
கொதித்த பானையின் மூடி போல நனைந்திருந்தது.

எங்கள் மூச்சு.
குளிரை வெளியே வைத்துப் பூட்டியதில்
மூச்சுக்கும் போக வழியில்லை.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாமல் இருப்பது எத்தனை சத்தமாய்க் கேட்கும்
எட்டுக்கு ஐந்தில்.

செவ்வாய்க்கிழமை ட்ரில்லை நானே வாங்கிப் பிடித்தேன்.
பன்னிரண்டு வயது வரை
ஒழுகும் இடம் பார்த்துச் சட்டி வைத்தவள்,
காசு கொடுத்து வாங்கிய கூரையில்
என் கையால் ஓட்டை போட்டேன்.
வட்டமாய் விழுந்த தகட்டை
எறியவில்லை. தேத்தண்ணிக் கோப்பைக்கு மூடி அது இப்போது.

ஓட்டைக்குக் குடை மாதிரி ஒரு தொப்பி
றிஸ்மி நானா செய்து தந்தார்.
காசு வேண்டாம்,
ஓர் இரவு படுத்துப் பார்க்க விட்டால் போதும் என்றார்.
கொடுத்தோம்.

காலையில் சாவியைத் தந்தபடி சொன்னார்:
"அருமையான நித்திரை தங்கச்சி.
ஆனா ராவெல்லாம் எங்கயோ
லீக்ஸ் வாசம்."